உஸ்துகுத்தூஸ்: லாவெண்டர் செடியின் நெடும்பயணமும் நம் வீட்டு ரைஹானும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

புதுக்கோட்டை, அறந்தாங்கி போன்ற நம் ஊர்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய விருந்தாளியைக் காண்கிறோம். உதகை, கொடைக்கானல் போய் வருவோர் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவரும் சிறு செடி அது. சிலர் விதைப் பொட்டலமாக வரவழைக்கின்றனர். ஜன்னலோரத்தில் வைத்த மண்தொட்டியில் சாம்பல் படர்ந்த பச்சை இலைகளும், வாய்ப்பிருந்தால் ஊதாநிறப் பூக்கதிர்களுமாக நிற்கிறது. லாவெண்டர் என்ற பெயரைச் சோப்பு உறையிலும் முகப்பவுடர் டப்பாவிலும் மட்டுமே படித்துப் பழகிய நமக்கு, அச்செடியை வீட்டிற்குள் காண்பது மகிழ்ச்சியே.

ஆயினும் அந்தச் செடியோடு இரண்டு செய்திகளும் கைப்பேசி வழியே வீடுகளுக்குள் நுழைந்துள்ளன. இதுவே குர்ஆனில் கூறப்பட்ட ரைஹான் என்பது ஒன்று. நபி (ஸல்) அவர்கள் பரிந்துரைத்த மருந்து இது என்பது மற்றொன்று. இரண்டும் ஆதாரமற்றவை. அதற்காக லாவெண்டருக்கும் முஸ்லிம்களின் வரலாற்றுக்கும் தொடர்பே இல்லை என்று கருதிவிடவும் வேண்டாம். தொடர்பு உண்டு, அது ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழமையுடையது. பொய்யான பெருமையைக் காட்டிலும் அந்த உண்மை வரலாறு அழகானது. ஒரு செடியின் பெயரைச் சரியாக அறிவதற்காக நம் முன்னோரான அறிஞர்கள் எத்துணை பாடுபட்டனர் என்பதே அவ்வரலாற்றின் உயிர்நாடி.

ரைஹான் என்றால் என்ன?

திருக்குர்ஆனில் ரைஹான் என்னும் சொல் இரண்டு இடங்களில் வருகிறது. அர்-ரஹ்மான் அத்தியாயத்தில், பூமியில் இறைவன் படைத்த அருட்கொடைகளைப் பட்டியலிடும்போது, உமியுடைய தானியத்தோடு நறுமணமுள்ள தாவரமும் சொல்லப்படுகிறது (55:12). அல்-வாகிஆ அத்தியாயத்தில், இறைவனுக்கு நெருக்கமானவர் இவ்வுலகை விட்டுப் பிரியும்போது அவருக்குக் கிடைக்கும் நற்பேறுகளாக இளைப்பாறுதலும் ரைஹானும் இன்பச் சோலையும் கூறப்படுகின்றன (56:89). நறுமணத் தாவரம் என்றும், வாழ்வாதாரம் என்றும் விரிவுரையாளர்கள் இச்சொல்லுக்குப் பொருள் உரைத்துள்ளனர்.

நபிமொழிகளிலும் இச்சொல் மணக்கிறது. ரைஹானை ஒருவர் அன்பளிப்பாக நீட்டினால் அதை மறுக்கவேண்டாம். அது சுமப்பதற்கு இலேசானது, மணத்தால் நல்லது என்னும் கருத்தில் அமைந்த நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. தம் பேரப்பிள்ளைகளான ஹசன் (ரலி), ஹுசைன் (ரலி) இருவரையும் இவ்வுலகில் தமக்குரிய இரு ரைஹான்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அழைத்ததை ஸஹீஹ் புகாரியில் காண்கிறோம். பேரப்பிள்ளையை வாரியணைத்து உச்சி முகரும் ஒவ்வொரு பாட்டனாருக்கும் அச்சொல்லின் பொருள் விளங்கும்.

அரபு மொழியில் ரைஹான் என்பது பொதுநிலையில் நறுமணமுள்ள எந்தச் செடியையும் குறிக்கும். குறிப்பாகச் சுட்டும்போது கிழக்கத்திய அரபு நாடுகளில் அது திருநீற்றுப்பச்சையையே குறிக்கிறது. நோன்புக் காலத்தில் சர்பத்திலும் ஃபலூடாவிலும் நாம் இடும் சப்ஜா விதை அச்செடியின் விதையே. மொராக்கோ முதலிய மேற்கத்திய அரபு நாடுகளிலோ அதே சொல் மிர்ட்டில் என்னும் குறுமரத்திற்குப் பெயராயிற்று. நறுமணமுள்ளது என்ற பொதுப்பொருளில் லாவெண்டரும் ரைஹான் வகையில் அடங்கலாம். மல்லிகையும் மரிக்கொழுந்தும் அவ்வாறே அடங்கும். ஆனால் குர்ஆன் சுட்டும் செடி இதுதான் என்று லாவெண்டரைத் தனித்துக் காட்ட இடமில்லை. நபி (ஸல்) அவர்கள் கூறாத ஒன்றை அவர்கள் பெயரால் அறிந்தே கூறுவோருக்குரிய கடும் எச்சரிக்கையை நாம் அனைவரும் அறிவோம். ஒரு செடியின் மீதுள்ள ஆசைக்காக அந்த எல்லையைக் கடக்கலாமா?

மத்தியதரைக்கடல் தீவிலிருந்து பாக்தாதுக்கு

இனி லாவெண்டரின் உண்மையான வரலாற்றுக்கு வருவோம்.

லாவெண்டர் ஒரே செடியன்று. பல இனங்களைக் கொண்ட குடும்பம். அவற்றுள் ஒன்று, பூக்கதிரின் உச்சியில் முயற்காதுகளைப் போல ஊதா இதழ்கள் நிமிர்ந்து நிற்கும் வகை. மத்தியதரைக்கடலைச் சூழ்ந்த நாடுகளின் வறண்ட குன்றுகளில் இது தானாக வளர்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸ் தமது மூலிகை நூலில் இதனை விவரித்தார். இன்றைய பிரான்சின் தென்கரைக்கு எதிரே, மார்செய் நகரை அடுத்துள்ள ஸ்தொய்க்காதெஸ் தீவுகளில் இது விளைவதால், தீவின் பெயரே செடிக்கும் ஆகி ஸ்தொய்க்காஸ் எனப்பட்டது.

ஒன்பதாம் நூற்றாண்டில் அந்நூல் பாக்தாதை அடைந்தது. அப்பாஸிய கலீஃபா முதவக்கில் காலத்தில் (847-861) இஸ்திஃபான் இப்னு பாஸில் என்பவர் அதனைக் கிரேக்கத்திலிருந்து அரபியில் மொழிபெயர்த்தார். புகழ்பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதைத் திருத்தி ஒப்புதல் அளித்தார். இவ்விருவரும் கிறிஸ்தவர்கள், அவர்களது புலமையைப் போற்றி ஆதரித்தது முஸ்லிம் அரசு.

அந்த மொழிபெயர்ப்பில் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கிரேக்கச் செடிப்பெயர்களுள் எவற்றுக்கு அரபிப் பெயர் உறுதியாகத் தெரிந்ததோ அவற்றை மட்டுமே இஸ்திஃபான் அரபியில் எழுதினார். தெரியாதவற்றைக் கிரேக்க ஒலிப்பிலேயே விட்டுவிட்டார். பின்னால் வரும் ஒருவருக்கு அச்செடியை அடையாளம் காணும் அறிவை இறைவன் அளிக்கக்கூடும் என்ற எண்ணத்தால் அவர் அவ்வாறு செய்ததாகக் குர்துபா நகர மருத்துவர் இப்னு ஜுல்ஜுல் எழுதிவைத்துள்ளார். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாத அந்த நேர்மை வியப்பிற்குரியது. ஸ்தொய்க்காஸ் என்னும் பெயரும் அரபி நாவில் உஸ்துகுத்தூஸ் என்று திரிந்து, கிரேக்க வேரோடு அப்படியே நிலைத்தது. இன்றும் யூனானி மருந்துக்கடையில் லாவெண்டருக்கு அதுவே பெயர்.

குர்துபாவின் மூலிகை அறிஞர்கள்

கதை பாக்தாதில் முடியவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து, ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் ஆட்சி செய்துகொண்டிருந்தார். ஹிஜ்ரி 337ஆம் ஆண்டளவில், அதாவது கி.பி. 948ஐ ஒட்டி, கான்ஸ்டான்டிநோபிளின் பைசாந்தியப் பேரரசர் அவருக்கு அனுப்பிய பரிசுகளுள் தியோஸ்கோரிதீஸின் நூலும் ஒன்று. செடிகளின் ஓவியங்களோடு கூடிய கிரேக்கப் பிரதி அது. ஆனால் பழங்கிரேக்கம் படிக்கத் தெரிந்தவர் குர்துபாவில் எவருமில்லை.

கலீஃபா பேரரசரிடம் ஓர் அறிஞரை அனுப்புமாறு வேண்டினார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் நிக்கோலாஸ் என்னும் துறவி வந்துசேர்ந்தார். யூத மருத்துவரும் அரசவைப் பெருமகனுமான ஹஸ்தாய் இப்னு ஷப்ருத், முஸ்லிம் மருத்துவர்கள் சிலர், இந்தக் கிறிஸ்தவத் துறவி ஆகியோர் கூடியமர்ந்து நூலின் பெயர் ஒவ்வொன்றையும் ஆராய்ந்தனர். இந்தப் பெயருக்குரிய செடி எது, அது அந்தலூசின் எந்த மலையில் விளைகிறது, மக்கள் அதை எப்பெயரால் அழைக்கின்றனர் என்று ஐயமறத் துணிந்தனர். இஸ்திஃபான் நம்பிக்கையோடு விட்டுச்சென்ற இடைவெளிகளுள் பெரும்பாலானவை அங்கே நிரப்பப்பட்டன.

ஏன் இத்தனை உழைப்பு? மருந்தில் பெயர் பிழைத்தால் உயிர் பிழைக்காது. ஒரு செடிக்குரிய குணத்தை வேறொரு செடிக்கு ஏற்றிச் சொல்வது நோயாளிக்குச் செய்யும் வஞ்சனை. அறிவும் ஓர் அமானிதம் என்பதை உணர்ந்த சமுதாயம் அவ்வாறுதான் நடந்துகொள்ளும். இன்று நம் விரல்நுனியில் ஒரு நொடியில் ஒரு செடி ரைஹானாகிவிடுகிறது. அதை நூறு பேருக்கு அனுப்பியும் விடுகிறோம்.

பதினொன்றாம் நூற்றாண்டில் இப்னு சீனா (மறைவு 1037) தமது மருத்துவப் பெருநூலான அல்-கானூனின் இரண்டாம் பகுதியில் தனி மருந்துகளைத் தொகுத்தபோது உஸ்துகுத்தூஸும் அதில் இடம்பெற்றது. தலை, மூளை, நரம்பு சார்ந்த நோய்களுக்குரிய மூலிகையாக யூனானி மரபு அதனை ஏற்றது. மூளையைப் பெருக்கித் தூய்மையாக்கும் துடைப்பம் என்று ஹகீம்கள் அதற்குச் சூட்டிய செல்லப்பெயர் இன்றும் வழங்குகிறது.

இம்மரபின் சிகரம் இப்னுல் பைத்தார். ஸ்பெயினின் மாலகா நகரில் பிறந்த அவர், வட ஆப்பிரிக்கக் கரை நெடுகச் செடிகளைத் தேடியவாறே எகிப்தை அடைந்தார். அங்கே அய்யூபி சுல்தான் அல்-காமிலின் தலைமை மூலிகை அறிஞரானார். 1248இல் திமிஷ்கில் மறைந்தார். ஏறத்தாழ 1,400 மருந்துகளையும் உணவுகளையும் அகர வரிசையில் தொகுத்த அவரது நூல், ஒவ்வொரு பொருளிலும் முன்னோர் கூறியதை அவரவர் பெயரோடு எடுத்துக்காட்டித் தம் கருத்தைத் தனியே வைக்கிறது. யார் சொன்னது என்று குறிக்காமல் எதையும் கூறக்கூடாது என்ற ஹதீஸ் கலையின் ஒழுங்கு மூலிகை நூலுக்குள்ளும் புகுந்ததுபோல் இருக்கிறது.

கடுக்காயும் லாவெண்டரும் சந்தித்த இடம்

அந்தலூசின் மலைச்செடிக்கும் நம் மண்ணுக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். விடை ஒரு மருந்துச் சிமிழுக்குள் இருக்கிறது.

இத்ரீஃபல் உஸ்துகுத்தூஸ் என்பது யூனானி மருத்துவத்தின் பழம்பெரும் லேகியங்களுள் ஒன்று. நாள்பட்ட சளி, தலைவலி முதலியவற்றுக்கு ஹகீம்கள் இதனைக் கொடுப்பது வழக்கம். இத்ரீஃபல் என்ற சொல் நம் திரிபலா என்பதன் அரபி வடிவமே. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் ஆகிய மூன்றும் அதன் அடித்தளம். இந்தியாவின் முக்கனி மருந்து கடல் கடந்து மேற்கே சென்று அரபியில் இத்ரீஃபல் ஆயிற்று. மத்தியதரைக்கடல் தீவின் மூலிகை கிழக்கே வந்து உஸ்துகுத்தூஸ் ஆயிற்று. இரண்டும் ஒரே லேகியத்தில் கலந்தன. நம் பாட்டிமார் வெயிலில் உலர்த்திப் பானையில் கட்டிவைத்த நெல்லிவற்றலும் கடுக்காயும், அவர்கள் கண்டேயிராத லாவெண்டரோடு யூனானி மருந்தறையில் பல நூற்றாண்டுகளாக உறவாடி வந்துள்ளன.

தமிழகத்தில் யூனானிக்கு அரசு ஏற்பு கிடைத்த வரலாற்றிலும் ஒரு முஸ்லிம் தலைவரின் பங்குண்டு. சென்னை மாகாண அரசு 1921இல் உள்நாட்டு மருத்துவ முறைகளை ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் முஹம்மது உஸ்மான். பின்னாளில் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் பொறுப்பு வகித்தவர். 1923இல் வெளியான உஸ்மான் குழு அறிக்கை சித்தம், ஆயுர்வேதம், யூனானி ஆகிய மூன்றுக்கும் ஆதரவாகப் பேசியது. அதன் தொடர்ச்சியாக 1925இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கி, மூன்று முறைகளையும் கற்பித்தது. 1979 முதல் சென்னை அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. உஸ்துகுத்தூஸின் குணங்களைத் தமிழக மாணவர்கள் அங்கே பாடமாகப் பயில்கின்றனர்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. இலேகியத்தில் சேர்வது முயற்காது வகை லாவெண்டர். கடையில் கிடைக்கும் நறுமண எண்ணெய் பெரும்பாலும் வேறு இனங்களிலிருந்து வடித்தது. நூலில் படித்த குணத்தை நம்பி அந்த எண்ணெயை உட்கொள்வதோ குழந்தைகளுக்குக் கொடுப்பதோ கூடாது. மருந்து தேவையெனில் தகுதிபெற்ற மருத்துவரையே நாடவேண்டும். பெயர் ஒன்றானாலும் பொருள் வேறாகலாம் என்பதே நாம் கண்ட வரலாறு சொல்லும் பாடம்.

வளைகுடாவின் குஸாமா

நம் மாவட்டத்துக் கடற்கரையில் கட்டுமாவடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் என்று முஸ்லிம்கள் நிறைந்து வாழும் ஊர்கள் பல. அன்று பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்றோரின் பேரர்கள் இன்று வளைகுடா நாடுகளில் உழைக்கின்றனர். விடுமுறைக்கு வரும் அவர்களது பெட்டியில் அத்தர் புட்டிகளோடு குஸாமா என்று எழுதிய பொட்டலமோ எண்ணெயோ இருப்பதுண்டு. அரபு நாடுகள் பலவற்றில் லாவெண்டருக்கு வழங்கும் பெயர் குஸாமா.

இங்கும் பெயர் நம்மைச் சோதிக்கிறது. 2021இல் சவூதி அரசு வெளிநாட்டுத் தலைவர்களை வரவேற்க விரிக்கும் சிவப்புக் கம்பளத்தை ஊதா நிறத்துக்கு மாற்றியது. இளவேனிலில் பாலைநிலத்தை ஊதாவாக்கும் குஸாமா முதலிய பூக்களின் நினைவாக அந்நிறம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் நஜ்த் பாலையில் குஸாமா எனப்படுவது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடி. மொராக்கோ, சிரியா பக்கத்துக் கடைகளில் குஸாமா என்று கேட்டால் கிடைப்பதே லாவெண்டர். குர்துபாவின் அறிஞர்கள் இன்றிருந்தால் இதையும் குறித்துவைத்திருப்பார்கள்.

இந்தியாவில் லாவெண்டர் வாழும் ஊர்

நம் நாட்டில் லாவெண்டர் வேரூன்றிய நிலம் ஜம்மு காஷ்மீர். அதன் தோடா மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது பத்ரவா பள்ளத்தாக்கு. மக்காச்சோளம் விதைத்துச் சொற்ப வருவாய் ஈட்டிவந்த அவ்வூர் உழவர்கள், ஜம்முவிலுள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் அளித்த நாற்றுகளைக் கொண்டு லாவெண்டர் பயிரிடத் தொடங்கினர். 2016இல் தொடங்கப்பட்ட நறுமணப் பயிர்த் திட்டம் இதற்கு ஊக்கமளித்தது. ஊதாப் புரட்சி என்று நாடு அதனைப் போற்றுகிறது. 2022 மே மாதம் பத்ரவாவில் நாட்டின் முதல் லாவெண்டர் விழா நடைபெற்றது. முஸ்லிம் உழவரும் இந்து உழவரும் அருகருகே அறுவடை செய்து எண்ணெய் வடிக்கின்றனர். ஒரு நறுமணச் செடி ஏழைக் குடும்பங்களின் வாழ்வாதாரமாயிற்று. ரைஹான் என்ற சொல்லுக்கு வாழ்வாதாரம் என்றும் பொருளுரைத்த விரிவுரையாளர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

பத்ரவாவில் அது ஏன் செழிக்கிறது? குளிர்காலத்தில் பனி; கோடையில் இதமான வெயில்; நீர் தங்காத மலைச்சரிவு; ஈரம் குறைந்த காற்று. மத்தியதரைக்கடல் குன்றுகளின் இயல்பும் இதற்கு நெருக்கமானதே. புதுக்கோட்டையின் இயல்போ வேறு. சித்திரை வைகாசியில் அனல். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் ஓயாத ஈரம். கடற்கரையில் ஆண்டு முழுவதும் உப்புக்காற்று. குளிர் நாட்டுச் செடியை இங்கே வீட்டுக்குள் வளர்க்க விரும்புவோர் அதன் தாயகத்தை மனத்தில் நிறுத்தியே அதற்குப் பணிவிடை செய்யவேண்டும்.

வீட்டுக்குள் வளர்ப்போருக்கு

முதலில் இனம். ஆங்கில லாவெண்டர் எனப்படும் குளிர்நாட்டு வகை நம் சமவெளியில் பிழைப்பது அரிது. குளிர்காலக் குளிர் இல்லாமல் சரிவரப் பூப்பதுமில்லை. இலையோரம் பற்களைப் போல் வெட்டுப்பட்டிருக்கும் தெந்தாத்தா வகையும், முயற்காது வகையும் வெப்பத்தை ஓரளவு தாங்குபவை. வீட்டுக்குள் வளர்க்கத் தெந்தாத்தா வகையே ஏற்றது.

விதையை நம்பவேண்டாம். முளைப்பதற்கே சில வாரக் குளிர்ச்சி தேவைப்படும். முளைத்தாலும் வளர்ச்சி மிக மெதுவானது. நாற்றாக வாங்குவதோ, பூக்காத இளங்கிளையை மூன்று நான்கு அங்குல நீளத்துக்கு நறுக்கி மணலில் ஊன்றுவதோ நல்லது. மழைக்காலம் ஓய்ந்து பனி தொடங்கும் மார்கழி, தை மாதங்களே இதற்குரிய காலம்.

அடியில் துளையுள்ள, மெருகேற்றாத மண்தொட்டி வேண்டும். செம்மண்ணும் பருமணலும் சமஅளவில் கலந்து, மக்கிய எரு சிறிதளவு சேர்த்தால் போதும். மண் வளமாக இருந்தால் செடி நலியும். அது கல்லிலும் சரளையிலும் வளர்ந்து பழகியது. புளிப்பில்லாத மண்ணை விரும்புவதால் முட்டையோட்டைப் பொடித்துச் சேர்க்கலாம்.

வெயிலே அதன் உணவு. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படவேண்டும். முற்றம் வைத்துக் கட்டிய பழைய வீடுகளில் வீட்டுக்குள்ளேயே வெயில் விழுந்தது, காற்றும் உலவியது. இன்றைய அடைத்த அறைகளில் கிழக்குப் பார்த்த ஜன்னலே நாம் அளிக்கக்கூடிய சிறந்த இடம். கோடையில் மேற்கு வெயிலில் வைத்தால் தொட்டி சூடேறி வேர் கருகும்.

பெரும்பாலான லாவெண்டர்கள் நீரின்றி மடிவதில்லை; அன்பு மிகுந்து ஊற்றும் நீரால்தான் மடிகின்றன. விரலை ஓரங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே ஊற்றவேண்டும். தொட்டியின் கீழ்த்தட்டில் நீர் தேங்கக்கூடாது. மழைமாதங்களில் இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி அழுகாதபடி கிளைகளைக் கழித்து, காற்றோட்டமான இடத்தில் வைக்கவேண்டும். பூத்து ஓய்ந்தபின் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரிக்கலாம். மரமாய் முற்றிய அடிப்பகுதியை வெட்டினால் அது மீண்டும் துளிர்ப்பது அரிது.

பூனைகள் உலவும் வீடுகள் நம்முடையவை. லாவெண்டரைத் தின்பது பூனைக்குக் கேடு. ஒரு பூனையைக் கட்டிப்போட்டு வதைத்ததற்காகத் தண்டனை பெற்ற பெண்ணைப் பற்றிய நபிமொழியை அறிந்த நாம், செடியைப் பூனைக்கு எட்டாத உயரத்தில் வைப்பது கடமை.

இவ்வளவும் செய்தாலும் நம் சமவெளியில் இச்செடி நீண்டநாள் வாழும் என்று உறுதி கூறுவதற்கில்லை. ஓரிரு பருவம் தங்கிச்செல்லும் விருந்தாளியாகவே அதனைக் கருதுவது தகும். பூக்காத நாளிலும் இலையைத் தொட்டால் விரலில் மணம் தங்கும்.

வாசலிலேயே நிற்கும் ரைஹான்

தொலைவிலிருந்து வந்த விருந்தாளியை உபசரிக்கும் நாம், வீட்டாரை மறக்கலாகாது. நம் மாவட்டத்துக் கீரமங்கலம் வட்டாரத்தில் உழவர்கள் விடியுமுன்னே தோட்டத்தில் இறங்கி மல்லிகையும் முல்லையும் பறிக்கின்றனர். அவ்வூர்ச் சந்தையின் பூக்கள் பல ஊர்களுக்குச் செல்கின்றன. திருமண வீடுகளில் மாப்பிள்ளையின் மாலையிலும் பெண்ணின் கூந்தலிலும் மணப்பவை அவையே. நம் வேலியோரத்து மருதாணி பெருநாள் இரவில் பிள்ளைகளின் கைகளைச் சிவக்க வைப்பதோடு நிற்பதில்லை. அதன் சிறு வெண்பூக்களின் மணத்திலிருந்து ஹினா அத்தர் வடிக்கப்படுகிறது. கிணற்றடியில் யாரும் விதைக்காமல் முளைக்கும் திருநீற்றுப்பச்சையோ, அரபு உலகம் ரைஹான் என்று பெயர்சொல்லி அழைக்கும் அதே செடி. அதற்கு மலைக்குளிர் வேண்டாம், முட்டையோடும் வேண்டாம். ஒரு கைப்பிடி மண்ணும் காலை வெயிலும் போதும்.

இவற்றின் பெயர்களை நம் பிள்ளைகள் அறிவார்களா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. லாவெண்டரின் நிறத்தைச் சொல்லத் தெரிந்த குழந்தைக்குத் திருநீற்றுப்பச்சையை அடையாளம் காட்டத் தெரியாவிட்டால், ஒரு தலைமுறையில் அச்சொல் மறையும். அடுத்த தலைமுறையில் செடியும் மறையும். பாக்தாதின் மொழிபெயர்ப்பாளர் தெரியாத பெயரையும் இழக்காமல் அடுத்தவருக்குக் காத்து வைத்தார். தெரிந்த பெயரையே நாம் தொலைத்துவிட்டால் அவர் முன் என்ன விடை சொல்வது?

ஆகவே, ஜன்னலோரத்தில் லாவெண்டர் வைக்க விரும்புவோர் தாராளமாக வைக்கட்டும். அதனை உஸ்துகுத்தூஸ் என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்து, ஸ்தொய்க்காதெஸ் தீவையும் பாக்தாதையும் குர்துபாவையும் கதையாகச் சொல்லட்டும். அதன் பக்கத்திலேயே ஒரு தொட்டியில் திருநீற்றுப்பச்சையையும் நட்டு, இதுதான் ரைஹான் என்று கற்பிக்கட்டும். இரண்டையும் முகர்ந்து பார்க்கும் பிள்ளை, இரு மணங்களையும் இரு பெயர்களையும் ஒன்றோடொன்று குழப்பாமல் வளரும்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதரும் பறவையும் விலங்கும் உண்பது அவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழி. மறுமை நாள் வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட முடிந்தால் நட்டுவிடுமாறு கூறியதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். நடுவதற்குக் கன்றைத் தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் ஒரு கைப்பிடித் திருநீற்றுப்பச்சை விதை கேட்டால் மறுப்பார் யாருமில்லை. நீட்டப்படும் ரைஹானை மறுக்கவும் நமக்கு அனுமதியில்லை.

நம் இல்லங்களை நறுமணத்தாலும், நம் நாவுகளை உண்மையாலும் அல்லாஹ் நிரப்பியருள்வானாக. ஆமீன்.